ஆகஸ்ட்டுக்கு முன்னால் ஒரு கடிதம்

சாந்தா போலா, ஸ்பெயின்,
ஜூன் 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால் உனக்கு நடுவில் மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். சாவகாசமாகப் படி, ஆனால் முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குத்தான் இது பதில். "அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவாரு, அப்புறம் அந்த ஊர்ல உங்களுக்கு யாரும்மா இருக்கா? ஒண்ணு நெதர்லாந்துக்கு, எங்க ஐந்தோவனுக்கு வந்துடுங்க, இல்லன்னா ஆம்பூருக்கே போயிடுங்க" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், தெரியும். அப்பா அன்றைக்கு முழுக்கச் சரியாகப் பேசவில்லை. ராத்திரி தோசை ஊற்றும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்று, "யாரு இருக்கான்னு கேட்டாளே, ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பு" என்றார். லிஸ்ட்டெல்லாம் எனக்கு வராது. இந்தக் கோடையில் நடந்ததையும் நடக்கப்போவதையும் எழுதுகிறேன். யார் இருக்கிறார்கள், இல்லை என்று நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

முந்தாநாள் ராத்திரிதான் அலிகாந்தேயில் ஓகேராஸ், அந்தப் பொம்மை கொளுத்தும் திருவிழா, முடிந்தது. நீ இல்லாமல் இதுகள் இரண்டும் எங்கே போகப்போகின்றன என்று நினைத்திருப்பாய். போனோம். மூணாம் மாடிப் பாட்டி, அதுதான் நம் யாயா, அவள் மருமகள், எதிர்வீட்டு மொராக்கோக்காரம்மா, அப்பா, நான் எல்லாரும் மத்தியானத்துக்கு முன்னாலேயே பஸ் பிடித்துவிட்டோம். இரண்டு மணி மஸ்கிலெத்தா வெடியைத் தவறவிட்டால் யாயாவுக்குத் திருவிழா பார்த்த கணக்கே இல்லை. லூசேரோஸ் சதுக்கத்தில் உச்சி வெயில். வாணம் என்று கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது, வெறும் புகைதான். எல்லாம் காதுக்கும் நெஞ்சுக்கும்தான். ஒன்றிரண்டாக ஆரம்பித்து, தாளம் பிடித்து, கடைசியில் காலுக்குக் கீழே தரை உதறும். காது அடைத்துக்கொள்ளாமல் இருக்க வாயைக் கொஞ்சம் திறந்தபடி நில் என்று யாயா வருஷா வருஷம் எனக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பாள். நானும் வருஷா வருஷம் புதிதாகக் கேட்டுக்கொள்வேன். முடிந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், முடிவு பிரமாதம், நடுவில்தான் கொஞ்சம் தொய்வு என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஆள். அரை மணி நேரம் விடவில்லை.

அப்புறம் எக்ஸ்பிளனாதாவில் பனைமர நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தோம். யாயா துணியில் சுற்றிக் கொண்டுவந்த கோக்காவைப் பிரித்தாள். சூரை மீனும் வெங்காயமும் பைன் கொட்டையும் உள்ளே வைத்து, மேலே மாவைப் பொலபொலவென்று உதிர்த்துப் போட்டு அடுப்பில் வேகவைத்தது. அதோடு இந்த வருஷத்து முதல் அத்திப்பழம். ஒரு கடி கோக்கா, ஒரு கடி அத்திப்பழம், அப்படித்தான் சாப்பிட வேண்டும். அப்பா தனித்தனியாகச் சாப்பிட்டார், திட்டு வாங்கினார்.

உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? இந்தத் திருவிழாவை 1928-ல் இப்போதிருக்கிற உருவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹோசே மரியா பீ என்பவர். அலிகாந்தேக்காரரே இல்லை. காதிஸில் பிறந்தவர், வலென்சியாவில் இருந்தவர், அங்கே ஃபாயாஸ் என்ற பொம்மை கொளுத்தும் திருவிழாவைப் பார்த்தவர். சான் ஹுவான் ராத்திரியில் தெருவுக்குத் தெரு பழசைக் கொளுத்தும் வழக்கம் இங்கே முன்பே இருந்தது. அதையும் வலென்சியாவின் பெரிய பெரிய பொம்மைகளையும் சேர்த்து வைக்கலாமே என்று யோசித்தது வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒரு மனுஷன். இன்றைக்கு அது இல்லாமல் அந்த ஊரே இல்லை. அப்பாவுக்கு இந்தக் கதையை யாராவது ஸ்பானியர்களிடம் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம்.

பொம்மைகள் இந்த வருஷமும் நாலு மாடி உயரம். அரசியல்வாதிகளையும் வாடகைக்கு விடுகிறவர்களையும் நன்றாகக் கிண்டலடித்திருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு வருஷமும் வயிறு எரியும், இத்தனை மாதத்து வேலையை ஒரே ராத்திரியில் கொளுத்துகிறார்களே என்று. போட்டியில் காப்பாற்றப்படும் பொம்மை மட்டும் மியூசியத்துக்குப் போகும், மற்றதெல்லாம் சாம்பல். நடுராத்திரி பெனகந்தில் மலைமேலிருந்து வெள்ளையாகப் பல்மேரா, பனைமரம் மாதிரி வாணம், விரிந்ததும் ஊரில் நெருப்பு வைக்க ஆரம்பித்தார்கள். சூடு முகத்தில் அறைய, பையன்கள் தீயணைப்புக்காரர்களைப் பார்த்துத் தண்ணி தண்ணி என்று கத்த, அவர்கள் குழாயைக் கூட்டத்தின் பக்கம் திருப்ப, நான் தலையோடு கால் நனைந்தேன். போன பொங்கலுக்கு நீ வாங்கிக் கொடுத்த சுடிதார். காய்ந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. யாயாவுக்கு இந்த வயதிலும் நனையாமல் வீட்டுக்கு வர மனசில்லை. அவள் மூத்த பையன் காரை எடுத்துக்கொண்டு வந்து எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தான். சீட்டில் துண்டு விரித்து உட்கார வைத்தான், திட்டிக்கொண்டே.

இந்த யாயாவை எப்படிப் பிடித்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது பள்ளிக்கூடம், சிநேகிதிகள் என்று ஒரே மாதத்தில் ஸ்பானிஷ் பேச ஆரம்பித்துவிட்டாய். அப்பாவுக்குப் பக்கத்து ஊர் எல்ச்சேயில் கம்பெனி, செருப்பு, ஆம்பூருக்குப் போன், தோல் வரவில்லை, செருப்பின் மேல்பாகம் அப்பர் வரவில்லை என்று அவர் உலகம். நான் வீட்டில். ஒருநாள் பார்சல் மாறிப்போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். சாப்பாட்டு மேஜைமேல் தையல் மெஷின், பக்கத்தில் அடுக்கடுக்காக ஷூ அப்பர், அந்தப் பசை வாசனை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆம்பூரில் நம் ஆயா வீட்டு வாசனை அது. நான் பார்சலை வைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் ஒரு அப்பரை எடுத்துத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றைக்கு எனக்கு "ஓலா", "கிராசியாஸ்" தவிர ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரம் இருந்திருப்பேன்.

இப்படி ஷூ அப்பர் தைக்கிற பெண்களை எல்ச்சேயிலும் சுற்று ஊர்களிலும் அப்பரதோரா என்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று காசு. பல பேருக்குக் கணக்கிலேயே வராத வேலை, வீட்டு மேஜையில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே. வாழ்நாள் முழுக்கத் தைத்துவிட்டு வயதான பிறகு போய்ப் பார்த்தால், பென்ஷனுக்குக் கட்டிய வருஷம் என்று ஏட்டில் பாதிகூட இருக்காது. 2018-ல் எல்ச்சேப் பெண்கள் சங்கம் வைத்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் இது வெளியே தெரிந்தது. யாயாவுக்கும் அதே கதைதான், புருஷன் மீன்பிடி வேலையில் இருந்ததால் விதவை பென்ஷன் வருகிறது, அதில் ஓடுகிறது. நம் ஆயா ஆம்பூரில் வாசலில் உட்கார்ந்து கைத்தையல் போட்டதும் இதே ஐரோப்பாக் காலுக்குத்தான். அந்த ஊரும் இந்த ஊரும் ஒரே செருப்பின் இரண்டு பக்கம்.

ஆயா போனபோது எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, முகம் பார்க்கவில்லை. அது உனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் யாயா ஒரு பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்பில் வைத்தாள், ராத்திரி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பேசவில்லை. மறுநாளும் வந்தாள். மூணாம் நாளும் வந்தாள். "யாரும்மா இருக்கா" என்றாயே, அதற்கு இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சரி, எல்லாம் தேனும் பாலும் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முதல் சில வருஷங்கள் கஷ்டம்தான். இங்கே யாரும் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடுவதில்லை. தெருவில் பார்த்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒருநாள் கண்டிப்பாகச் சந்திப்போம் என்பார்கள். அந்த ஒருநாள் வரவே வராது. நான் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததெல்லாம் உண்டு. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்பாவிடம் அழுதிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, இவர்கள் தங்களுக்குள்ளேயும் அப்படித்தான். வீடு தூங்குவதற்கு. பேச்சும் சிரிப்பும் சண்டையும் வெளியேதான். ஜூலை வந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நாற்காலிகள் கீழே இறங்கிவிடும். நடைபாதையில் வட்டமாகப் போட்டு, விசிறியோடு உட்கார்ந்து ஒரு மணி வரைக்கும் பேச்சு. திண்ணையைத் தூக்கி நடுத்தெருவில் போட்டதுபோல இருக்கும். காதிஸ் பக்கம் அல்கார் என்ற சின்ன ஊரில் 2021-ல் மேயர், இந்தத் தெருப் பேச்சையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கிளம்பினார். படித்துவிட்டு அப்பா சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. என்னுடைய ஸ்பானிஷ் முழுக்க அந்த நாற்காலியில் படித்ததுதான். வகுப்பில் படித்தது பரீட்சையோடு போச்சு. நம்முடைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கால் உடைந்துவிட்டது, புதுசு வாங்கியிருக்கிறோம்.

வெளிநாட்டுக்காரர்கள் சங்கதி வேறு. மேலே கிரான் அலகாந்த் பக்கம் இருக்கிற இங்கிலீஷ்காரர்களும் நார்வேக்காரர்களும் பல பேர் குளிர்காலத்துக்குத்தான் இங்கே வருகிறவர்கள். வெயில் ஏறினால் ஊருக்குப் பறந்துவிடுவார்கள். அவர்கள் போகும்போது மாட்ரிட்காரர்கள் கார்மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள், எல்ச்சேக்காரர்கள் கடற்கரை வீட்டுப் பூட்டைத் திறப்பார்கள், ஊர் பல மடங்காகும். வருஷம் முழுக்க இருப்பது மீன்பிடிக்கிறவர்களும் உப்பளத்துப் பூநாரைகளும் நம்மை மாதிரிச் சிலரும்தான். நீ சின்ன வயதில் இங்கிலீஷ் பேசிப் பழகிய அந்த பர்மிங்காம் தாத்தா பாட்டி ஞாபகம் இருக்கிறதா? பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, வதிவிட அட்டை எடுக்காத அவர்களுக்கு நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். பாட்டி காலண்டரில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். நாம் அட்டைக்கு வரிசையில் நின்ற காலத்தில் "அதென்ன பேப்பர்" என்று வேடிக்கை பார்த்தவர்கள். இப்போது அப்பாதான் அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார், டீ குடித்துவிட்டு வருகிறார்.

ஜூன் முதல் வாரம் நம் மொட்டைமாடியில் நடந்த கலாட்டாவைச் சொல்ல மறந்துவிட்டேன். எதிர் பிளாக்கில் கப்பல் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவர் இருக்கிறாரே, மீசைக்காரர், அவர் அரோஸ் அ பந்தா, அதுதான் மீன்சாற்றுச் சோறு, செய்கிறேன் வாருங்கள் என்றார். கேஸ் வளையம், வண்டிச் சக்கரம் அகலத்துக்குத் தட்டு. நானும் சும்மா போகக்கூடாதே என்று பிரியாணிக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் சமையல் பார்க்க அழகாக இருக்கும். முதலில் துறைமுகத்தில் வாங்கின பொடி மீனையும் ஞோரா மிளகாயையும் போட்டுச் சாறு. ஞோரா உருண்டையாக, சிவப்பாக, பார்க்கப் பயமாக இருக்கும், காரம் சுத்தமாகக் கிடையாது. அந்தச் சாற்றை அரிசியில் ஊற்றினதும் கரண்டியைத் தள்ளி வைத்துவிட வேண்டும். கிளறினால் கொலை. தண்ணீர் இழுத்து அடியில் சடசடவென்று சத்தம் வரும்போது காதை வைத்துக் கேட்டு அடுப்பை நிறுத்துகிறார். அந்த அடிப்பிடித்த சோற்றுக்குப் பெயர் சோக்கராத், அதற்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்வார்கள்.

என் பக்கம் திரும்பினார். நான் சீரக சம்பாவைக் கொதிக்கவைத்து, முக்கால் வேக்காட்டில் தண்ணீரை வடித்துக் கொட்டினேன். மனுஷனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ருசியைக் கீழே கொட்டுகிறாயே அம்மா" என்று கையைத் தலையில் வைத்துக்கொண்டார். நான் கறி மசாலாவோடு சேர்த்து மூடி தம் போடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று குற்றம் சொன்னார். பிரியாணியில் அடிப்பிடித்தால் எங்கள் ஊரில் சமையல்காரரை விரட்டிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் இடையில் அப்பா மாட்டிக்கொண்டார். கடைசியில் பார்த்தால் மீசைக்காரர் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டார். கத்தரிக்காயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடச் சொன்னால், அதை விட்டுவிட்டு அலியோலியைத் தொட்டுக்கொள்கிறார்! பூண்டும் எண்ணெயும் அடித்த அந்த வெள்ளைக் குழம்பை. நானும் ஒருவாய் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆம்பூரில் யாரிடமும் சொல்லிவிடாதே, மாமாவிடம் முக்கியமாக.

இனி வரப்போவது. ஜூலை 16 கார்மென் மாதாவைப் படகில் ஏற்றிக் கடலில் கொண்டுபோவார்கள், மீனவர்களின் மாதா. யாயா புருஷன் இருந்தவரைக்கும் அவர்கள் படகில் போவாளாம், இப்போது கரையில் நின்று பார்க்கிறாள், நானும் கூட நிற்பேன். ஆகஸ்ட் பிறந்ததும் நமக்கு ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டும், ஆனால் இங்கே இருக்கிற வினலோப்போவில் எல்ச்சே நடுவில் தண்ணீரே பார்க்க முடியாது. பாலாற்றங்கரையில் பிறந்த நமக்கு வறண்ட ஆறு ஒன்றும் புதிதில்லை. அதனால் கிரான் ப்ளாயா கடற்கரையிலேயே போர்வையை விரித்து எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். அலிகாந்தேயிலிருந்தும் மூர்சியாவிலிருந்தும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வருவார்கள். எதிர்வீட்டம்மா புதினா டீ கொண்டுவருவாள். இடம்தான் பிரச்சினை. விடியற்காலையிலேயே ஆள் இல்லாமல் குடையை மட்டும் நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சில ஊர்களில் நகராட்சி குடையைப் பிடுங்கி அபராதமும் போடுகிறது, நல்லது, போடட்டும். போன வருஷம் நான் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு மாட்ரிட் பெண் ஒருத்தி தன் குழந்தை கையையும் நீட்டினாள். கட்டிவிட்டேன். புளிச்சாதம் வாங்கிச் சாப்பிட்டாள், காரம் தாங்காமல் கடலுக்கு ஓடினாள்.

ஆனால் நீ வர வேண்டியது ஆகஸ்ட் 13-க்கு. அதற்காகத்தான் இவ்வளவும்.

அன்றைக்கு எல்ச்சேயில் நித் தெ லல்பா என்ற வாண ராத்திரி. மாதா விண்ணேற்பு ஆகஸ்ட் 15, அதற்கு முந்தின முந்தின ராத்திரி. கம்பெனிகள் மூடிக் கிடக்கும், செருப்பு ஊரில் ஒரு மெஷின்கூட ஓடாது. நீ கடைசியாகப் பார்த்தபோது பதினோரு வயதோ என்னவோ, சத்தத்துக்குப் பயந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாய், அதனால் ஒன்றும் பார்த்திருக்கமாட்டாய். யாயாவின் தங்கை வீடு எல்ச்சேயின் கர்ரூஸ் பகுதியில், ஐந்தாவது மாடி, மேலே மொட்டைமாடி. சாயங்காலமே தரையைக் கழுவி ஈரமாக்கி, மூலைக்கு மூலை வாளியில் தண்ணீர். எல்லாருக்கும் பருத்தித் துணி, தலையில் தொப்பி. நைலான் போட்டு வந்தால் கீழே அனுப்பிவிடுவார்கள். பதினோரு மணிக்கு ஊர் முழுக்க வீட்டு மாடிகளிலிருந்து வாணம் கிளம்பும். அந்த ஊரின் பழைய வழக்கம் என்னவென்றால், குடும்பத்தில் எத்தனை பிள்ளையோ அத்தனை வாணம். இந்த வருஷமும் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று மாதாவுக்கு நன்றி. யாயாவுக்கு மூன்று. ஒருவன் இங்கே, ஒருவன் மாட்ரிட், பெண் லியோனில். வந்தாலும் வராவிட்டாலும் மூன்று வாணம் உண்டு. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் விட்டாளாம், பிள்ளைகள் பாதிப் பேர் வேலைக்காக பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்விட்ட காலத்திலும்.

யாயாவே கொளுத்துவாள். பையன்களை விடமாட்டாள். காலி ஷாம்பெயின் பாட்டிலில் பாதி மணல், அதில் ராக்கெட் குச்சியைச் செருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டித் திரியில் வைப்பாள். அந்தக் கை விரல் முனையெல்லாம் ஊசி ஏறிக் காய்த்துப்போனது, சூடு தெரியாது. விடுவதற்கு முன்னால் பேரைச் சொல்வாள், பலமாக, பக்கத்து மாடிக்குக் கேட்கிற மாதிரி. நீ படிக்கப் போன வருஷத்திலிருந்து நாலாவதாக ஒன்று உண்டு. உன் பேரை அவள் சொல்கிற அழகை நீ கேட்டதில்லையே, கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்வாள்.

பன்னிரண்டு அடிக்கும்போது ஊர் விளக்கெல்லாம் அணையும். இருட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசுவதில்லை. சாந்தா மரியா கோயில் கோபுரத்திலிருந்து ஒற்றைப் பல்மேரா கிளம்பி, வானம் கொள்ளாமல் விரியும். கிழவர்கள் அழுவார்கள். கோயில் பாட்டு ஒலிக்கும். அது முடிந்த கையோடு தர்பூசணி! குளிக்கும் தொட்டியில் ஐஸ் போட்டு ஊறவைத்த பழம், வாணப் புகையில் தொண்டை எரிய எரிய அதைத் தின்றால்தான் அந்த ருசி. விதையை எங்கே துப்புவது என்று அப்பா மட்டும் யோசித்துக்கொண்டு நிற்பார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தக் கோயிலுக்குள்ளேயே மிஸ்தேரி, மாதா விண்ணேற்பு நாடகம். நாடகம் முழுக்கப் பாட்டுதான், பழைய வலென்சிய மொழியில். மாதா வேஷமும் பையன்தான் கட்டுகிறான், பெண்கள் யாரும் பாடுவதில்லை. கோயிலுக்குள் நாடகம் கூடாது என்று தடை வந்த காலத்தில் இதற்கு மட்டும் போப் எட்டாம் உர்பான் 1632-ல் அனுமதி கொடுத்தாராம். 2001-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். குவிமாடத்தின் உச்சியில் கதவு திறந்து, மாதுளம்பழம் மாதிரி ஒரு கூண்டு கயிற்றில் இறங்கி, பாதி வழியில் இதழ் இதழாக விரிய, உள்ளே தேவதைப் பையன் பாடிக்கொண்டே வருவான். எனக்கு ஒவ்வொரு தடவையும் கயிற்றின் மேல்தான் கண். உள்ளே காற்றே கிடையாது, ஆயிரம் விசிறி ஒன்றாக அடிக்கும். ஆகஸ்ட் 15 நம் சுதந்திர தினம் என்பதால் அப்பா சட்டையில் கொடி குத்திக்கொண்டு மாதா கோயிலுக்கு வருவார். கேட்கிறவர்களுக்கு விளக்கமும் சொல்வார்.

செப்டம்பர் முதல் வாரம் நம் ஊரிலேயே லொரேத்தோ மாதா திருவிழா, அந்தக் காலத்து முஸ்லிம்களான மூர்களும் கிறிஸ்தவர்களும் சண்டை போடுகிற ஊர்வலம். எதிர்வீட்டம்மா பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, "நல்ல பட்டுத்துணி, நல்ல இசை எல்லாம் எங்கள் பக்கம், ஆனால் ஒவ்வொரு வருஷமும் தோற்பதும் நாங்கள்தான்" என்று சிரிப்பாள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவும் நானும் பேசிவிட்டோம். இங்கேதான் இருக்கப்போகிறோம். ஆம்பூருக்கு ஒவ்வொரு தையிலும் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவோம். மாமா வீட்டு மாடி அறை எப்போதும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அங்கே என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் பிள்ளைகளோடு சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். அதுவும் போக, தொடர்ந்து ஒரு வருஷம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்துவிட்டால் இந்த அட்டைக்குச் சிக்கல். ஐந்தோவனுக்கும் வருவோம். வெயில் வரும் மாதமாகப் பார்த்து, விருந்தாளியாக. உன் வீட்டில் நானும் அப்பாவும் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நீ எப்போது வருவாய் என்று ஜன்னலில் நிற்க வேண்டியதுதானே? ஏதாவது விசேஷம் என்றால் சொல், மூன்று மாதம் வந்து இருந்து எல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன். கேட்கக்கூடாது என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

நவம்பரிலிருந்து இங்கே ஊர் காலியாகத்தான் இருக்கும், காற்று அடிக்கும், பாதிக் கடை மூடிக் கிடக்கும். அது எனக்கும் தெரியும். அதற்கு அப்பா ஒரு திட்டம் வைத்திருக்கிறார். மீசைக்காரரோடு சேர்ந்து காலையில் மீன் ஏலம் பார்க்கப் போவதாம், டோமினோ கற்றுக்கொள்வதாம். ஏலம் சாயங்காலம்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை, போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

12-ஆம் தேதிக்குள் வந்துவிடு. நடுராத்திரி வந்து இறங்குகிற விமானம் போடாதே, அப்பாவுக்கு இருட்டில் கார் ஓட்டச் சிரமம். அங்கே இருக்கிற ஈழத்தமிழர் கடையில் கறிவேப்பிலையும் சீரக சம்பா ஐந்து கிலோவும் வாங்கி வா, மீசைக்காரர் மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். பை எடை பார்த்துக்கொள். பருத்திச் சட்டை இரண்டு எடுத்து வை, மாப்பிள்ளைக்கும்.

யாயா ராக்கெட் வாங்க வெள்ளிக்கிழமை எல்ச்சே போகிறாள். மாப்பிள்ளை பேருக்கும் சேர்த்து ஐந்தா, இல்லை நாலே போதுமா என்று கேட்கச் சொன்னாள். அதற்கு முன்னால் மறக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா